சவுக்குத் தோப்பில் வந்த காலில்லாதது

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் சர்க்கரை, பிறகு மூட்டுவலி, அதன்பின் பேய் என்று பேச்சு ஒரே வரிசையில்தான் போகிறது. போன மாதமும் அப்படித்தான். ஒருவர் சைதாப்பேட்டைப் பாலத்தில் பீடிக்கு நெருப்புக் கேட்கும் தலையில்லாத ஆளைப் பற்றிச் சொன்னார். தலையில்லாதவன் பீடியை எங்கே வைத்துக் குடிப்பான் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் ஆதம்பாக்கத்து ஏரிக்கரையில் கையைக் காட்டிப் பின்சீட்டில் ஏறிக்கொள்ளும் பெண்ணைக் கொண்டு வந்தார். உன் பக்கம் ஒன்றுமே இல்லையா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, மாத்திரை நேரம் என்று எழுந்து வந்துவிட்டேன். எங்கள் பக்கமும் ஒன்று இருந்தது. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன், வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் பெசன்ட் நகரில் கார் நிறுத்த இடமில்லாமல் சண்டை போடுகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் புரியாது. அப்போது எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வெறும் மணல். அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் கடல். தோப்பின் ஓரமாக ஒரு மணல் தடம் மாதா கோயில் வரைக்கும் போகும். தெருவிளக்கு பால் பூத்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் சவுக்கு இலைகள் உஸ் உஸ் என்று மூச்சுவிடும் சத்தமும் உப்பு வாடையும்தான். ராத்திரி துவைத்துப் போட்ட துணி காலையில் பிசுபிசுவென்று இருக்கும்.

பால் கண்ணாடி பாட்டிலில் வந்த காலம் அது. கோடு போட்ட அலுமினியத் தகடு அதற்கு மூடி. அந்தத் தகட்டை நகத்தால் தேய்த்து வட்டமாக்கிச் சேர்த்து வைப்போம். எதற்கு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதற்காக அடிதடியே நடக்கும். விடிவதற்கு முன்பே கம்பிக் கூடையில் காலி பாட்டில்கள் கிலுகிலுக்க, மாடி வீட்டு மாமியோடு நான்தான் வரிசைக்குப் போவேன். அம்மா முதல் பூசைக்குப் போயிருப்பாள். அப்பா தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் எப்போதும் வேண்டும். அவனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. நாவல்பழம் தின்றவன் போல உதடு எந்நேரமும் நீலம் பாரித்திருக்கும். பத்தடி நடந்தால் சட்டென்று குந்தி உட்கார்ந்துவிடுவான், மூச்சு திரும்பும்வரை மணலில் ஏதாவது கிறுக்கிக்கொண்டிருப்பான். பார்க்கிறவர்கள் குழந்தை விளையாடுகிறது என்று நினைப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள், கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றிய அடுத்த வாரம். இனித் தள்ளிப்போடக் கூடாது, மழைக்காலத்துக்கு முன் முடித்துவிட வேண்டும், அதுவரை பையன் பயப்படாமல் அதிராமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அந்த ஆடி மாதம் முழுக்க எல்லோரும் மெதுவாகப் பேசினோம், பாத்திரத்தைக்கூட மெதுவாக வைத்தோம்.

இந்த நேரம் பார்த்துத்தான் அது வந்தது. முதலில் பார்த்தது மாடி வீட்டு மாமி. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், மாமி தனியாகப் போயிருந்தாள். எங்கள் பாட்டிலையும் போட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"ஆத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன்னே தெரியலை. தோப்போரமா போறது. தலை இருக்கு, தோள் இருக்கு, இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே இல்லை. அசைஞ்சு அசைஞ்சு நகர்ந்துண்டே போறது."

அடுத்த நாள் வரிசையில் இதே பேச்சுதான். பால் பூத்துக்காரர் சிரித்தார், தோப்பில் மேயும் பன்றியாக இருக்கும் என்றார். குப்பத்திலிருந்து மீன் கொண்டு வரும் அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பன்னிக்குக் காலு கீதுப்பா. வந்து தடத்தப் பாரு, ரெண்டு கோடு இஸ்துக்கினு போயிருக்குது, காலடியே இல்ல" என்றாள். வெளிச்சம் வந்ததும் எல்லோரும் போய்ப் பார்த்தோம். உண்மைதான். ஈர மணலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளக்கோடுகள், தோப்பின் இந்த முனையிலிருந்து கோயில் பக்கம் வரைக்கும். ஒருவர் ஆமை என்றார். ஆமை முட்டையிட வரும் மாதமா இது என்று இன்னொருவர் மடக்கினார். கடைசியில் பேர் தெரியாததற்கு நாங்கள் பிள்ளைகள் பேர் வைத்தோம், காலில்லாதது.

பேர் வைத்தபின் அதற்கு எல்லாம் முளைத்துவிட்டது. ரயிலில் காலை இழந்தவனின் ஆவி என்றார்கள். கடலில் போனவன் பாதி உடம்போடு வீட்டைத் தேடி வருகிறான் என்றார்கள். குப்பத்தில் இரண்டு நாள் யாரும் விடியலில் கட்டுமரம் இறக்கவில்லை. நானும் ஒரு விடியலில் பார்த்தேன். தூரத்தில், அரையிருட்டில், ஒரு சிறுமியின் உயரத்துக்குக் கருப்பாக ஒன்று. இப்படி ஒரு சாய்வு, அப்படி ஒரு சாய்வு, நடுவில் நின்று மூச்சு வாங்குவது போல ஓர் இடைவெளி. மாமி என் கண்ணைப் பொத்திவிட்டாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் வேப்பங்காய். அவர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். எதற்கும் அளவு வேண்டும் அவருக்கு. பேய்க்கு எத்தனை அடி உயரம் என்று மாமியிடம் கேட்டு அவளை அழவைத்தார். நரியோ கழுதைப்புலியோ காயம்பட்டு இழுத்துக்கொண்டு திரிகிறது என்பது அவர் கட்சி. அம்மா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கோயிலுக்குப் போய்வரும்போது நீ எதையும் பார்க்கவில்லையா என்று மாமி கேட்டதற்கு, தான் குனிந்த தலை நிமிராமல் ஜெபம் சொல்லிக்கொண்டு போவதாகச் சொன்னாள். அவள் முழங்கால்கள் கறுத்துக் காய்த்துப் போயிருந்ததை நான் குளியலறை வாசலில் ஒரு தடவை பார்த்தேன். தரை தேய்க்கிறேன் இல்லையா என்றாள். எங்கள் தரை அப்படிப் பளபளத்து நான் கண்டதில்லை.

குடியிருப்புப் பையன்களுக்கு இது புது விளையாட்டு ஆயிற்று. ஒரு சாயங்காலம் ஒருவன் முட்டிபோட்டு, தலையோடு கருப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மாடிப்படி மறைவிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்தான். தம்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் கத்தவில்லை. எழுந்து இரண்டடி ஓடி, குந்தி, அப்படியே சாய்ந்துவிட்டான். உதட்டு நீலம் முகமெல்லாம் ஏறியது. அம்மா அவன் முழங்கால்களை மடக்கி மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி. அவன் மூச்சு திரும்பிவர வெகு நேரம் ஆயிற்று. அப்பா அந்த நேரம் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைய இரவு தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது ஆஸ்பத்திரிக்கும் வருமா என்று கேட்டான். வராது, நாளைக்கே அப்பா அதை முடித்துவிடுகிறேன் என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "விட்டுடுங்க, அது யாரையும் ஒண்ணும் பண்ணலையே" என்றாள். அப்பா டார்ச்சுக்குப் பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

அவள் ஏன் பேசவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அம்மா வீட்டார் வழக்கம் அது. மாதாவிடம் ஒன்றை நேர்ந்துகொண்டால், முடித்துக் காணிக்கை வைக்கும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் நேர்ச்சை அதோடு கலைந்துவிடும், கேட்டது கிடைக்காது. புருஷனுக்கும் சொல்லக் கூடாது, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கும் சொல்லக் கூடாது. அப்படியென்றால் மறுநாள் அவள் போகாமலாவது இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடியேற்றத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. அதற்குள் நேர்ந்த நாள்கணக்கை முடிக்க வேண்டும், ஒரு நாள் விட்டாலும் குறைந்துவிடும்.

மறுநாள் விடியலில் அப்பா என்னோடு பால் வரிசைக்கு வந்தார். கையில் தடி. பக்கத்து பிளாக்கில் இருந்து இரண்டு பேர், பால் பூத்துக்காரர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பேப்பர்காரர். மாமி தம்பியோடு எங்கள் வீட்டில் இருந்தாள். வானம் கொஞ்சம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தோப்பின் முனையில் அது வந்தது. அப்பா ஓடினார், மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். டார்ச் வெளிச்சம் மணலில் துள்ளியது. அது திரும்பவில்லை, வேகமாகப் போகப் பார்த்தது. அந்த வேகம்தான் இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்பா பக்கவாட்டில் ஓடி, தடத்து ஓரத்தில் கிடந்த கருங்கல்லை எடுத்தார். ஆபீஸ் கிரிக்கெட்டில் பந்து போடுகிற கை அது. குறி தப்பவில்லை.

அடிபட்டதும் அது முனகியது. மிருகம் அப்படி முனகாது என்று பால் பூத்துக்காரருக்குத்தான் முதலில் தெரிந்தது.

"சார், வோணாம் சார். பொம்பள சார் அது."

அப்பா கிட்டே போய்க் கம்பளியை விலக்கினார். வீட்டில் பரண்மேல் கிடந்த பழைய கம்பளி. உள்ளே முக்காடு, கையில் ஜெபமாலை, முழங்கால்களில் கிழிந்த கோணிச் சுற்று, இடது முட்டியில் ரத்தம். அம்மா அவரைப் பார்த்தாள். ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"தம்பி தனியாவா இருக்கான்?" என்று கேட்டாள்.

அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் பாட்டில் கூடையை வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, யாருக்கும் நான் இருப்பதே ஞாபகமில்லை.

பேப்பர்காரரின் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியிலேயே அந்த ஆண்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்தாள். காலில்லாதது கல்லடி பட்டுக் கடலுக்குள் போய்விட்டது. நல்ல மனிதர்கள், ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார்கள். அதற்காகக் கதையைக் கொஞ்சம் பெரிதாகவே சொன்னார்கள். அலை இரண்டாகப் பிளந்தது என்றும், நெருப்புக் கண் என்றும் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. அப்பா மறுக்கவில்லை. பேய்க்கு அளவு கேட்டவர், நான்கு பேர் முன்னால் தலையாட்டினார்.

தம்பியிடமும் அதையேதான் சொன்னார்கள். அவன், "அதுக்கு வலிச்சிருக்குமில்ல?" என்றான். அம்மா கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

முட்டிச் சில்லு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டு. மண்டியிடுவது இருக்கட்டும், மடக்கவே முடியாது. கொடியேற்றத்தன்று காவித் துணி கட்டிய கூட்டம் எங்கள் ஜன்னலுக்குக் கீழே பாட்டுப் பாடிக்கொண்டு போனது. வேட்டுச் சத்தம் கேட்டதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் நெருங்கியது. தம்பிக்குப் புது பனியன்கள் வாங்கி மடித்து வைத்திருந்தோம்.

அப்போதுதான் அம்மா அதைக் கேட்டாள். நான் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நானா வாய் திறந்து சொல்லலை, அதனால நேர்ச்சை கலையலை. பாதியில நிக்குதுங்க. கட்டு பிரிச்சதும் மிச்சத்தை முடிச்சிடறேன். அதுக்கப்புறம் அவனைக் கூட்டிட்டுப் போலாம். அரைகுறை நேர்ச்சையோட என் பிள்ளையைக் கத்திக்குக் கீழே படுக்க வைக்க மாட்டேன்."

அப்பா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் நடுச்சாமத்தில் வரச்சொன்னாலும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அம்மா அழுது புரண்டிருந்தாலும் தூக்கியிருப்பார். இதற்கு முன்பு எத்தனையோ தடவை அவள் நேர்ச்சைகளைக் கிண்டல் செய்து தன் சொல்லையே நடத்தியவர்தான். ஆனால் இப்போது அவள் கட்டுப்போட்ட கால் கட்டிலில் நீட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவரால் வாதாட முடியவில்லை.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். என் வாழ்நாளில் நான் கேட்ட மிக மோசமான வார்த்தை அது. கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

ஒரு வழி இருந்தது. பங்குச் சாமியாருக்கு எப்படியோ விஷயம் தெரிந்து அவரே வீட்டுக்கு வந்தார். முடியாத நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக் கொடுக்க சாமியாருக்கு உரிமை உண்டு, தினமும் ஜெபமாலை சொன்னால் போதும், மாதா கணக்குப் பார்க்கிறவள் இல்லை என்றார். அம்மா, முட்டிபோட்டு வருகிறேன் என்று சொன்னது தன் வாய், அதைத் தன் முட்டிதான் முடிக்க வேண்டும் என்றாள். சாமியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். காபி குடித்துவிட்டுச் சாமியார் போய்விட்டார். அவராவது கொஞ்சம் அதட்டியிருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வந்த இடத்தில் அதட்டக் கூடாது என்று நினைத்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு அடுத்த தேதி தீபாவளிக்குப் பிறகுதான் கிடைத்தது. கட்டு பிரிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. அம்மா சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். தம்பிக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி, நம் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நாலு தடவை வருவது. மூன்றாம் நாள் அவன் குந்தக்கூடத் தெம்பில்லாமல் அப்பா மடியில் கிடந்தான். டாக்ஸி தேடி அப்பா முழங்கால் தண்ணீரில் அடையாறு சிக்னல் வரைக்கும் ஓடினார். டாக்ஸி வந்தது. அதற்குள் வேலை இல்லாமல் போய்விட்டது. மடித்து வைத்த பனியன்களில் ஒன்றைப் போட்டுத்தான் அவனைப் பெட்டியில் வைத்தார்கள். பால் பூத்துக்காரர் வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வர அவருக்குக் கால் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதைவிட ஒரு பெரும் சண்டை நடந்திருக்கலாம். அம்மா, நேர்ச்சை பாதியில் நின்றதால் பிள்ளை போனான் என்று நம்பினாள். அப்பா, கல்லால் நேர்ச்சை நின்றது, ஆகவே தன்னால் போனான் என்று நம்பினார். அதுவரை எதையும் நம்பாதவர். ஆஸ்பத்திரி நாளைத் தள்ளிப்போட்டதால் போனான் என்பதை இரண்டு பேருமே சாகும்வரை வாய் திறந்து சொல்லவில்லை. தெரியாமலா இருந்திருக்கும்? ஆளுக்கொரு பழியைத் தலையில் தூக்கிக்கொண்டு, நடுவில் கிடந்ததைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். எனக்கும் சேர்த்து அந்த வீட்டில் மூச்சு முட்டியது.

கிறிஸ்துமஸ் கழிந்து, பள்ளி திறந்த சமயம், ஒரு விடியலில் விழித்துப் பார்த்தேன். அம்மா முழங்கால்களில் கோணி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தடியையும் டார்ச்சையும் எடுத்தார். இனி யாருக்காக என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, ஆனால் அம்மாவுக்கு என் முகம் தெரிந்திருக்க வேண்டும். "நேர்ந்தது நேர்ந்ததுதான்" என்றாள்.

பால் வரிசையில் நின்று பார்த்தேன். தோப்போரத்தில் அம்மா முட்டியால் நகர்ந்துகொண்டிருந்தாள், இடது பக்கம் மட்டும் அதிகமாகச் சாய்ந்து. இரண்டடி தள்ளி அப்பா, நாய்களையும் மனிதர்களையும் விலக்குவதற்காகத் தடியோடு. அவள் நின்றபோது அவரும் நின்றார். விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மிச்சமிருந்த நாட்கள் தீரும்வரை அப்படித்தான் போனது.

ஆனால் புது பிளாக்குகளுக்குக் குடிவந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்த வாரம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பெண் என் காதருகில் குனிந்தாள். அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அவள் அண்ணன் கண்ணால் பார்த்தானாம்.

"காலில்லாதது திரும்ப வந்துடுச்சுடி. இப்ப ரெண்டா வருதாம். ஒண்ணு அதேதான். இன்னொண்ணு உசரமா, கையில கோல் வெச்சிட்டு, கூடவே வருதாம்."

"கூட சின்னதா ஒண்ணு வருதா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"இல்லையாம். ரெண்டுதானாம்."